பொற்கொல்லன் சொன்ன செய்தி: பக்கச்சார்பும் மெய்ம்மையும் குறித்து ஒரு நோக்கு

1

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை அவலச்சுவைக்காகவும் ஊழின் வலிமையை உணர்வதற்காகவும் நாம் படித்துப் பழகியுள்ளோம். அக்காதையை ஒரு செய்தியின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு. மதுரையிற் சிலம்பு விற்க வந்த கோவலனைக் கண்ட பொற்கொல்லன், அரசியின் சிலம்பைக் களவாடியவன் அகப்பட்டான் என்று பாண்டியனிடம் சென்று சொல்கிறான். சொன்னவன் யார்? அரசியின் சிலம்பைத் தானே முன்னர் கவர்ந்துகொண்டவன். பழி வேறொருவன் தலையில் விழுவதால் நன்மை அடையப்போகிறவன். கேட்டவன் எந்நிலையில் இருந்தான்? ஊடியிருந்த தேவியைத் தேற்றுவதற்காக விரைந்து சென்றுகொண்டிருந்தான். ஆராய்வதற்கு அவனுக்குப் பொழுதும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வன் அல்லன் என்று காவலர் ஐயுற்றபோது பொற்கொல்லன் புதிய சான்று எதனையும் காட்டினானில்லை. கள்வருக்குத் துணையாகும் எட்டு உபாயங்களைக் களவுநூல் வல்லவனைப் போல் விரித்துரைத்தான். சான்று இருக்கவேண்டிய இடத்தைப் புலமை நிரப்பிற்று.

அரசியின் சிலம்பின் பரல் யாது, இச்சிலம்பின் பரல் யாது என்ற ஒரேயொரு வினா அன்று எழுப்பப்பட்டிருக்குமாயின் கோவலன் பிழைத்திருப்பான். முத்தா மாணிக்கமா என்ற அவ்வினா வழக்குரை காதையில் எழுப்பப்படுகிறது. ஆனால் அப்பொழுது காலம் கடந்துவிட்டது.

செய்தியை மதிப்பிடுதல் பற்றிய பிரச்சினைகள் யாவும் இக்கதையில் அடங்கியுள்ளன: ஒரேயொரு மூலம், அம்மூலத்தின் நலன், கேட்போனின் அவசரம், நிபுணத்துவத்தின் தோற்றம், செய்யத்தவறிய எளிய சோதனை. இலக்கியப் பிரதியொன்றைத் திறனாய்வுக்கு உட்படுத்தக் கற்றுக்கொள்ளும் நாம், நாள்தோறும் காலையில் வாசிக்கும் பிரதியை அவ்வாறு நோக்குவதில்லை. ‘பக்கச்சார்பற்ற பத்திரிகை எது?’ என்ற வினாவோடு அமைந்துவிடுகிறோம். அவ்வினா பிழைபட அமைக்கப்பட்டது என்பதும், அதற்குப் பதிலாகக் கேட்கப்படவேண்டிய வினாக்கள் வேறு என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

பக்கச்சார்பும் பொய்ம்மையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. ஒரு பத்திரிகையின் உடைமையாளர் இன்னார் எனத் தெரிந்தவுடன், அதில் வருவன யாவும் பொய்யெனத் தள்ளிவிடுகிறோம். நமது நிலைப்பாட்டோடு உடன்படும் பத்திரிகையாயின் அதில் வருவன யாவும் மெய்யெனக் கொள்கிறோம். இரண்டும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள்.

பக்கச்சார்பு என்பது சொல்பவனின் நிலைபற்றியது. எதனைத் தெரிந்தெடுக்கிறான், எதனை முன்னே வைக்கிறான், எச்சொல்லாற் சுட்டுகிறான் என்பவற்றில் அது வெளிப்படும். மெய்ம்மை என்பது சொல்லப்பட்டதற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள தொடர்பு பற்றியது. கடுஞ்சார்புடைய ஒருவன் ஒரு நிகழ்வைச் சரியாகக் கூறலாம். எப்பக்கமும் சாராத ஒருவன் அறியாமையாலோ அவசரத்தாலோ பிழைபடக் கூறலாம். சார்பு, பிழை நேரக்கூடிய இடங்களை நமக்குச் சுட்டுகிறது. பிழை நேர்ந்துள்ளது என்பதை அது தன்னளவில் நிறுவுவதில்லை.

நமது மரபில் இவ்வேறுபாடு அறியப்படாததன்று. மணிமேகலையிற் சமயக்கணக்கர் திறம் கூறும் காதையும், சிவஞான சித்தியாரின் அளவை இயலும் அறிவு வந்தடையும் வாயில்களை ஆராய்கின்றன. சைவ சித்தாந்திகள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்குவர். பத்திரிகைச் செய்தி உரை என்னும் அளவையின் பாற்படும். நாம் காணாததை, கண்டவன் சொல்லக் கேட்டு ஏற்கிறோம். ஆயின் உரை அளவையாக ஏற்கப்படுவதற்கு, சொல்பவன் அப்பொருளை அறிந்தவனாகவும் அதனை மறைக்க வேண்டிய தேவை இல்லாதவனாகவும் இருத்தல் வேண்டும் எனத் தருக்க நூலார் வற்புறுத்துவர். அறிந்தவனா என்பது ஒரு வினா. மறைக்கும் தேவை உடையவனா என்பது வேறொரு வினா. இரண்டையும் கலந்துவிடாது தனித்தனியே கேட்கப் பழகுதல் மதிப்பீட்டின் முதற்படி எனலாம்.

3

இவ்வேறுபாட்டின் பயனை உணர்த்துவதற்கு நன்கு ஆராயப்பட்ட ஓர் உதாரணத்தை நோக்கலாம். 1920 ஓகஸ்டில் அமெரிக்காவின் ‘நியூ ரிபப்ளிக்’ சஞ்சிகை, வோல்ற்றர் லிப்மன், சார்ள்ஸ் மேர்ஸ் என்னும் இருவர் எழுதிய நீண்ட ஆய்வொன்றை இணைப்பாக வெளியிட்டது. ‘செய்தியைச் சோதித்தல்’ எனும் பொருள்படும் தலைப்பினையுடைய அவ்வாய்வு, 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரையான மூன்றாண்டுகளில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை ரஷ்யப் புரட்சி பற்றி வெளியிட்ட செய்திகளை எடுத்துக்கொண்டது. தரங்குறைந்த பத்திரிகையொன்றை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. மிகுந்த வளமும் மதிப்பும் உடைய ஏடொன்றையே எடுத்தனர்.

அவர்கள் கைக்கொண்ட முறையியல் மனங்கொளத்தக்கது. புரட்சி நல்லதா தீயதா என்ற விவாதத்துள் அவர்கள் புகவில்லை. போல்ஷெவிக்குகள்மீது சுமத்தப்பட்ட கொடுமைகள் உண்மையா என்பதையும் ஆராயவில்லை. அவை அன்று தீர்க்கப்படாதவை. எத்தரப்பினரும் மறுக்கமுடியாத சில பெருநிகழ்வுகளை மட்டும் உரைகல்லாக எடுத்துக்கொண்டனர். 1917 கோடைக்காலத்தில் ரஷ்யப் படையெடுப்புத் தோல்வியுற்றது; அவ்வாண்டு நவம்பரில் இடைக்கால அரசாங்கம் வீழ்ந்தது; 1918 மார்ச்சில் ரஷ்யா ஜேர்மனியுடன் தனியே சமாதானம் செய்துகொண்டது; கொல்சாக், டெனிக்கின், யுடெனிச் ஆகிய தளபதிகளின் படையெடுப்புக்கள் முறியடிக்கப்பட்டன; 1920 மார்ச்சில் சோவியத்து ஆட்சி நிலைத்துநின்றது. இவற்றை அப்பத்திரிகையின் வாசகன் எதிர்பார்த்திருக்கக்கூடிய வகையிற் செய்திகள் அமைந்தனவா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

விடை எதிர்மறையாகவே அமைந்தது. சோவியத்து ஆட்சி வீழ்ந்துவிட்டது அல்லது வீழும் தறுவாயில் உள்ளது என்ற செய்தி அவ்வேட்டில் 91 தடவை வெளிவந்திருந்தது. லெனினும் ட்ரொட்ஸ்கியும் மூன்று தடவை தப்பியோடிவிட்டதாகவும், லெனின் மூன்று தடவை சிறைப்பட்டதாகவும் ஒரு தடவை கொல்லப்பட்டதாகவும் வாசகர் அறிந்துகொண்டனர். இவை எங்கிருந்து வந்தன? பெயர் குறிப்பிடப்படாத அதிகாரிகள், அரசாங்கத் திணைக்களங்கள், நாடுவிட்டோடிய பிரமுகர்கள், அயல்நாட்டுத் தலைநகரங்களில் உலவிய வதந்திகள் ஆகியனவே பெரும்பாலான செய்திகளின் ஊற்றுக்களாக விளங்கின.

அவ்வாய்வாளர் இதனை ஒரு சதியாகக் கண்டனரல்லர். நிருபர்களினதும் ஆசிரியர்களினதும் உள்ளத்தில் இருந்த நம்பிக்கையும் அச்சமுமே தலைமைத் தணிக்கையாளராகத் தொழிற்பட்டன என்பது அவர்கள் முடிவு. நிகழ்ந்தது அன்றி, நிகழவேண்டுமென விரும்பப்பட்டதே செய்தியாயிற்று. பொய்யுரைப்பவனைக் கண்டுபிடிப்பதிலும் பார்க்க, விரும்பியதைக் காண்பவனைக் கண்டுபிடிப்பது அரிது; ஏனெனில் அவன் நேர்மையானவன்.

இங்கு ஒரு பின்குறிப்பும் பொருந்தும். அவ்வாய்வை எழுதியவர்களுள் ஒருவரான மேர்ஸ் 1931 இல் அதே பத்திரிகையிற் சேர்ந்து, 1938 முதல் 1961 வரை அதன் ஆசிரிய தலையங்கப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். தன்னைச் சோதித்தவனைத் தன்னகத்தே அமர்த்திய பத்திரிகை அதன் பின்னர் தவறிழைக்கவில்லையா?

4

இழைத்தது, அதுவும் நேர்மாறான திசையில். வோல்ற்றர் டுராண்டி 1922 முதல் அப்பத்திரிகையின் மொஸ்கோ நிருபராகப் பணியாற்றினார். 1931 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைகளுக்காக 1932 இல் அவருக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. 1932-33 இல் உக்ரெயினில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பஞ்சம் நிகழ்ந்தது. 1933 மார்ச்சில் கரெத் ஜோன்ஸ் என்னும் இளம் வேல்ஸ் பத்திரிகையாளர் உக்ரெயின் கிராமங்களூடே கால்நடையாகச் சென்று, குடியானவரோடு தங்கி, அவர்கள் உணவின்றிச் சாவதைக் கேட்டும் கண்டும் வந்து, அம்மாத இறுதியில் பேர்லினில் அதனை வெளிப்படுத்தினார். இரு நாட்களின் பின் டுராண்டி அதனை மறுத்தெழுதினார். ரஷ்யர் பசியோடு இருக்கின்றனர், ஆனால் பட்டினியாற் சாகவில்லை என்பது அவர் கூற்றின் சாரம்.

அம்மறுப்பின் மொழி நுணுகி நோக்கத்தக்கது. உணவுத் தட்டுப்பாடு உண்டென்பதை அவர் ஒப்புக்கொண்டார். போசாக்கின்மையால் வரும் நோய்களாற் பலர் இறந்தனர் என்பதையும் ஏற்றுக்கொண்டார். பட்டினிச்சாவு என்ற சொல்லை மட்டும் விலக்கினார். தனித்தனி வாக்கியங்களாக எடுத்துநோக்கின், ஏறக்குறைய ஒவ்வொன்றையும் ஏதோவொரு வகையில் நியாயப்படுத்திவிடலாம். ஆயின் அவற்றின் கூட்டுவிளைவு முழுப்பொய். மெய்யான துணுக்குகளைக் கோத்துப் பொய்யான மாலை கட்டமுடியும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

டுராண்டியிடம் இல்லாதது எது? மொழியறிவும் அனுபவமும் பத்தாண்டு வாழ்வும் அவரிடம் இருந்தன. ஜோன்சுக்கு அத்தகைய தகுதியோ புகழோ இருக்கவில்லை. அவர் நேரிற் சென்றார், அதுவே வேறுபாடு. மொஸ்கோவில் வாழ்ந்த நிருபர், அரசின் அனுமதியாலும் தணிக்கையாளரின் தயவாலும் தொழில் நடத்தியவர். அவ்வனுமதியை இழத்தல் தொழிலை இழத்தலாகும். ‘மான்செஸ்ரர் கார்டியன்’ பத்திரிகைக்கு அக்காலத்தில் எழுதிய மல்கம் மகரிஜ்ஜின் நிலையும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அவர் சோவியத்து அனுதாபியாகவே மொஸ்கோ சென்றவர். தாம் கண்டதன் பின், தணிக்கைக்குத் தப்புவதற்காக இராசதந்திரப் பொதியில் அனுப்பிய கட்டுரைகளிற் பஞ்சத்தை எழுதினார். சார்புடையவர் உண்மை எழுதியதற்கு அவர் உதாரணம்.

ஆகவே ஒரே பத்திரிகை, ஒரே நாட்டைப் பற்றி, 1920 இற்கு முன் வலப்புறமாகவும் 1933 இல் இடப்புறமாகவும் வழுவிற்று. 2004 மே மாதத்தில் அதே பத்திரிகை, ஈராக்கின் ஆயுதங்கள் பற்றித் தான் வெளியிட்ட செய்திகள் சிலவற்றிற் போதிய கண்டிப்பு இருக்கவில்லை என ஆசிரியர் குறிப்பொன்றில் ஒப்புக்கொண்டது. அங்கும் ஆட்சிமாற்றத்தை விரும்பிய நாடுகடந்தோரின் சொற்களே அளவுமீறி நம்பப்பட்டன. மூன்று சந்தர்ப்பங்களிலும் அரசியல் வேறு. பிழையின் அமைப்பு ஒன்றே. நலனுள்ள மூலம், சரிபார்க்கப்படாத கூற்று, அதனை நம்ப விரும்பிய ஆசிரியபீடம். இடது, வலது என்ற முத்திரைகள் இவ்வமைப்பைக் கண்டுகொள்ள உதவமாட்டா.

5

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். செய்தி நிறுவனங்கள் மூலதனத்தின் கைகளிலோ அரசின் கைகளிலோ உள்ளன; எனவே தனித்தனிச் செய்திகளைச் சோதித்துக்கொண்டிருத்தல் மரங்களை எண்ணிக் காட்டை மறப்பதாகும் என நமது விமரிசகர் சிலர் கூறுவர். இக்கருத்தை மிக விரிவாக நிறுவிய நூல் எட்வேட் ஹேமனும் நோம் சொம்ஸ்கியும் 1988 இல் வெளியிட்ட ‘இணக்கத்தை உற்பத்தி செய்தல்’ என்பதாகும். உடைமை, விளம்பர வருவாய், அதிகார மூலங்களில் தங்கியிருத்தல், எதிர்ப்புத் தாக்குதல், கம்யூனிச எதிர்ப்பு என்னும் ஐந்து வடிகளினூடாகவே அமெரிக்கச் செய்தி வெளிவருகிறது என அவர்கள் காட்டினர்.

இந்நூலின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. எது செய்தியாகும், எது செய்தியாகாது என்பதை அமைப்பு எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை அது விளக்குகிறது. எனினும் ஒரு மாதிரியின் பயனெல்லை அறியப்படுதல் வேண்டும். பொதுப்போக்கினை அது விளக்கும். இன்று காலை நம் கையிலிருக்கும் இந்த ஒரு செய்தி மெய்யா என்பதற்கு விடையளியாது. மேலும், கம்போடியாவும் கிழக்குத் தீமோரும் பத்திரிகைகளில் எவ்வாறு வேறுபட நடத்தப்பட்டன என அந்நூலாசிரியர் ஒப்பிடும்போது, உண்மையில் நிகழ்ந்தது யாது என்பதற்கு நம்பகமான சான்றுகள் உள்ளன என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டேயாக வேண்டும். எல்லாச் செய்தியும் சார்புடையது, ஆகவே எதனையும் நம்புவதற்கில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. அம்முடிவுக்கு வருவோர் நம்மிடையேதான் உளர். அது முற்போக்கான ஐயவாதம் போலத் தோன்றினும், நடைமுறையிற் பொய்யனுக்கே துணைபோகிறது. எல்லாரும் பொய்யரெனில் பொய்யன் வெட்கப்படவேண்டியதில்லை.

6

நமது நாட்டின் நிலைமையை இனி நோக்கலாம். இலங்கையில் ஒரு பத்திரிகையின் சார்பை அறிதற்கு இரண்டு விடயங்களை அறிதல் அவசியம்: உடைமை, மொழி. ‘தினகரன்’ உள்ளிட்ட ஏடுகளை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் குரலும் மாறியதை வாசகர் அறிவர். 1930 இல் தொடங்கிய ‘வீரகேசரி’ தனியார் உடைமை. 1959 இல் யாழ்ப்பாணத்திற் தொடங்கிய ‘ஈழநாடு’, 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ் நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் எரியூட்டப்பட்டது. பத்திரிகையை வாதத்தால் எதிர்கொள்ளாது தீயால் எதிர்கொண்ட வரலாறு நமக்குண்டு.

உடைமையிலும் ஆழமானது மொழியின் பிரிவினை. பொது வாசிப்பறையின் மேசையில் ஒரே நாளின் தமிழ், சிங்கள, ஆங்கில ஏடுகளை அருகருகே விரித்துப் பார்ப்பவருக்கு, மூன்று வெவ்வேறு நாடுகளின் பத்திரிகைகளோ இவை என ஐயம் எழும். ஒரு மொழியில் முன்பக்கத் தலைப்பாக அமைவது மற்றொன்றில் உட்பக்கத்துத் துணுக்காக அமைகிறது. சிலவேளை அறவே இல்லை. பெரும்பாலான வாசகர் ஒரு மொழியை மட்டுமே வாசிப்பதால் தாம் இழந்தது யாதென்பதை அறிய வாய்ப்பற்றிருக்கின்றனர். சரிபார்த்தல் என்பது இந்நாட்டில் மொழிகடத்தல் ஆகவும் இருக்கவேண்டியுள்ளது.

இப்பிரிவினையின் விலையை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்கள் நிகழ்ந்தன. மே நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நடந்தன. அச்சமும் சினமும் அடங்காத அச்சூழலில், மே 23 இல் ‘திவயின’ என்னும் சிங்கள நாளேடு, தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் 4000 சிங்களப் பௌத்தத் தாய்மாருக்குச் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துள்ளார் என முன்பக்கத்திற் செய்தி வெளியிட்டது. அவர் பெயர் அதில் இருக்கவில்லை. ஆயினும் குருநாகல் போதனா வைத்தியசாலையிற் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவரே அவர் என்பது விரைவில் நாடெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் அவர் கைதுசெய்யப்பட்டார். கைதுக்கு முதலிற் காட்டப்பட்ட காரணம் சந்தேகத்துக்குரிய வகையிற் சொத்துச் சேர்த்தமை என்பதாகும்.

இச்செய்தியை ஒரு பிரதியாகக் கொண்டு ஆராய்வோம். முதலாவது, 4000 என்ற எண். முழுமையான, உருண்டையான, பெரிய எண். யார், எவ்வாறு எண்ணினார் என்பதை வாசகன் சோதித்தறியத்தக்க வகையிற் செய்தி கூறவில்லை. இரண்டாவது, செயலின் இயல்தகவு. சிசேரியன் சத்திரசிகிச்சை தனியொருவர் பூட்டிய அறையிற் செய்வதன்று. மயக்கமருந்து வைத்தியரும் தாதியரும் உடனிருப்பர். நாலாயிரம் தடவை, அவர்கள் எவரும் அறியாதவாறு, இது நிகழக்கூடியதா? இவ்வினாவைக் கேட்பதற்கு மருத்துவ அறிவு வேண்டியதில்லை. மூன்றாவது, காலவரிசை. வழமையாக முறைப்பாடு முதலில் எழும். செய்தி பின்னர் வரும். இங்கு செய்தி முதலில் வந்தது. அதன் பின்னரே நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றனர். அப்பெண்களின் துயரும் அச்சமும் போலியல்ல. மீண்டும் கருத்தரிக்காத தாயொருத்தி அதற்கொரு காரணத்தைத் தேடுதல் இயல்பு. ஆயின் செய்தி தனக்குரிய சாட்சிகளைத் தானே படைத்துக்கொண்டது என்பதை நாம் காணுதல் வேண்டும். நான்காவது, கேட்போரின் ஆயத்தநிலை. 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே உணவுக்கடை ஒன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தி பள்ளிவாசல் தாக்கப்படுவதில் முடிந்தது. உணவில் இருந்தது மாவுக்கட்டியே எனப் பின்னர் அரச பகுப்பாய்வாளர் உறுதிப்படுத்தினார். அவ்வச்சம் ஏற்கெனவே விதைக்கப்பட்ட நிலத்திலேயே இச்செய்தி வீழ்ந்தது.

2019 ஜூனில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என நீதிமன்றுக்கு அறிவித்தது. ஜூலையில் வைத்தியர் பிணையில் விடுவிக்கப்பட்டார். மூன்றாண்டுகளின் பின், 2022 இல், தமக்கு வழங்கப்பட்ட நிலுவைச் சம்பளத்தை அவர் அரச வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்குவதற்கென நன்கொடையாக அளித்தார். குற்றச்சாட்டைக் கேட்டவர் அனைவரும் இவ்விறுதிச் செய்தியையும் கேட்டனரா? கேளாமலிருந்தோர் மனத்தில் 4000 என்ற எண் இன்னும் இருக்கின்றது.

7

பிறர் பத்திரிகையின் குறையை மட்டும் எழுதி இக்கட்டுரையை முடிப்பின், அதுவும் ஒரு பக்கச்சார்பான செய்தியாகவே அமையும். பொய்யுரைத்தல் ஒன்றே செய்தியின் குற்றமன்று, மௌனமும் குற்றமே. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள், எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர், தமது ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அம்மாதம் 30 ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஒரே வீதியில், ஒரே மொழி பேசி வாழ்ந்த மக்கள் வெறுங்கையோடு சென்றனர். அன்று வடக்கில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகள், நிலவிய அதிகாரத்தின் கீழ், இதனை இதற்குரிய அளவில் எழுதக்கூடிய நிலையில் இருக்கவில்லை. அச்சத்தின் காரணமாக எழுதாதவரை நாம் இன்று பாதுகாப்பான மேசையில் இருந்துகொண்டு இகழ்தல் முறையன்று. ஆனால் அக்காலப் பத்திரிகைகளை மூலங்களாகக் கொண்டு வரலாறு எழுதப்போகும் மாணவன், அவற்றில் இல்லாதது நிகழாதது எனக் கொள்ளக்கூடாது என்பது தெளிவு. தெற்கின் ஏடுகள் தமிழர் துன்பத்தை எவ்வாறு எழுதாமல் விட்டன என்பதை எத்தனையோ தடவை பேசியுள்ளோம். அதே அளவுகோலை நமது ஏடுகள்மீதும் வைக்கும்போதுதான் அது அளவுகோலாகும். இல்லையேல் அது வெறும் தடியே.

அவ்வளவுகோலை உண்மையாகவே இருபுறமும் வைத்தவர் நமது பல்கலைக்கழகச் சமூகத்திலேயே இருந்தனர். ‘முறிந்த பனை’ நூலாசிரியர் நால்வரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு, அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்புக்களின் செயல்களையும் கண்டோர் வாய்மொழியைத் திரட்டி எழுதிற்று. அதன் அரசியல் முடிவுகளோடு முரண்படுவோர் பலர். முரண்படுதல் அவர்கள் உரிமை. ஆயின் ஒரு நிகழ்வை எழுதுமுன் அங்கிருந்தவர் யார், அவர் கண்டதென்ன, கேட்டதென்ன எனப் பிரித்து விசாரிக்கும் ஒழுக்கம் ஒரு தரப்பின் சொத்தன்று.

8

இனி, வாசகன் கைக்கொள்ளக்கூடிய முறைகள் சிலவற்றைத் தொகுத்து நோக்கலாம். இவற்றுக்கு நாம் அந்நியநாட்டு முறையியல்களைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும்போது எதிர்கொண்ட பிரச்சினையும் இத்தகையதே. பல ஏடுகள், ஒவ்வொன்றிலும் பாடபேதம், எழுதினோரின் பிழையும் விருப்பும் கலந்த பிரதிகள். பிழையற்ற ஏடொன்று எங்கோ இருக்கிறது, அது கிடைக்கும்வரை காத்திருப்போம் என அவர்கள் இருந்திருப்பின், கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் 1887 இல் அச்சேறியிரா. பிழையுள்ள பல ஏடுகளை ஒப்புநோக்கி அவர்கள் நூலைக் கண்டனர்.

பதிப்புக்கலையின் அடிப்படை விதியொன்று செய்திக்கும் பொருந்தும். ஒரே தாய்ப்பிரதியிலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் பத்துச் சாட்சிகள் ஆகா. அவை ஒரு சாட்சியே. ஒரே செய்தி முகவர் நிலையம் அனுப்பிய செய்தியைப் பத்துப் பத்திரிகைகள் வெளியிடும்போது, பத்திரிகைகளின் எண்ணிக்கை உண்மையைப் பத்து மடங்காக்குவதில்லை. மூன்றாம் உலகின் செய்தி, மேலைநாட்டு முகவர் நிலையங்கள் சிலவற்றின் வழியாகவே பாய்கிறது என்ற முறைப்பாட்டை யுனெஸ்கோவின் மக்பிறைட் ஆணைக்குழு 1980 இல் எடுத்துரைத்தது. இன்று ஒரே செய்தி ஒரு கைத்தொலைபேசியிலிருந்து ஆயிரம் கைத்தொலைபேசிகளுக்கு நொடிப்பொழுதிற் செல்கிறது. படிகள் பெருகின, மூலம் பெருகவில்லை.

ஆகவே முதலிற் கேட்கவேண்டியது, இதனைக் கண்டவர் யார் என்பது. நிருபர் நேரிற் கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, கேட்டவரிடம் கேட்டாரா? ‘நம்பகமான வட்டாரங்கள்’ என்ற தொடர் ஒரு மூலத்தைச் சுட்டுவதில்லை. மூலம் மறைக்கப்பட்டுள்ளது என்பதையே சுட்டுகிறது. சிலவேளை அம்மறைப்பு மூலத்தின் உயிரைக் காப்பதற்காக அவசியமாகலாம். எனினும் அச்செய்தியை ஏற்பதற்குப் பிறிதொரு சான்று கிட்டும்வரை காத்திருத்தல் தகும். அடுத்து, இச்செய்தி நம்பப்பட்டால் நன்மை அடைபவர் யார் என்பது. இதற்கான விடை செய்தியைப் பொய்யாக்கிவிடாது. எவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும் என்பதைக் காட்டும். தன் நலனுக்கு மாறாக ஒருவர் கூறும் கூற்றுக்கு அதிக பெறுமதி உண்டு என்பதும் இதன் மறுபக்கமாகும். மூன்றாவதாக, எண்கள் எங்கிருந்து வந்தன, சொற்கள் எவ்வாறு தெரியப்பட்டன என்பன. ‘கொல்லப்பட்டனர்’, ‘உயிரிழந்தனர்’ என்னும் இரு சொற்களுக்கிடையே செய்தவன் ஒருவன் மறைந்துபோகிறான். செயப்பாட்டு வினையின் அரசியலை இலக்கண வகுப்பிலும் கற்பிக்கலாம்.

நான்காவது வினா பத்திரிகையின் ஒழுக்கம் பற்றியது. தான் பிழைவிட்டபோது அது என்ன செய்தது? முன்பக்கத்தில் விட்ட பிழையை முன்பக்கத்திலேயே திருத்திற்றா, அன்றி உட்பக்கத்து மூலையிலா, அல்லது திருத்தவே இல்லையா? பிழைவிடாத பத்திரிகை இல்லாமையால், பிழையைத் திருத்தும் முறையே பத்திரிகைகளைத் தரம்பிரிக்க நமக்குள்ள நேர்மையான அளவுகோல்.

இறுதி வினா வாசகனை நோக்கியது. அதுவே மிகக் கடினமானது. இச்செய்தியை நான் ஏன் நம்ப விரும்புகிறேன்? லிப்மனும் மேர்சும் ஆசிரியபீடத்திற் கண்ட நம்பிக்கையும் அச்சமும் வாசகன் நெஞ்சிலும் குடியிருக்கின்றன. ஒரு செய்தியைப் படித்தவுடன் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற மகிழ்ச்சி எழுமாயின், அச்செய்தியையே இருமுறை சோதித்தல் வேண்டும். பகைவன் கூறிய செய்தியைச் சோதிக்க எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. நம்மவர் கூறிய செய்தியைச் சோதிப்பதற்கே பல்கலைக்கழகக் கல்வி வேண்டப்படுகிறது.

9

பக்கச்சார்பற்ற பத்திரிகை எது என்ற வினாவோடு தொடங்கினோம். அத்தகைய பத்திரிகை கிடைக்காது. கிடைப்பினும் அது மெய்யே உரைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சார்பை அறிந்து, மூலத்தைத் தேடி, மாற்றுமொழி ஏட்டோடு ஒப்புநோக்கி, தீர்ப்பைச் சற்றே தாமதித்து வாசிக்கும் வாசகனே தேவை. இந்நாட்டில் அத்தாமதம் உயிர்காக்கும் தாமதமாக இருந்துள்ளது. அது இல்லாதபோது கடைகளும் வீடுகளும் எரிந்துள்ளன.

பாண்டியனைப் பற்றி ஒன்று கூறி முடிக்கலாம். ஆராயாது நம்பியது அவன் குற்றம். ஆயின் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்தபோது, அவன் சான்றை மறுக்கவில்லை; பொற்கொல்லன்மீது பழியைப் போட்டுத் தான் விலகிக்கொள்ளவும் இல்லை. குற்றம் தனதென அவைமுன் ஏற்று அரியணையிலேயே உயிர்நீத்தான். பிழையான செய்தியை ஏற்ற அரசன், திருத்தத்தையும் ஏற்றான். நமது காலத்துப் பத்திரிகைகள் உயிரைக் கொடுக்கவேண்டியதில்லை. முன்பக்கத்தில் நாலு வரி கொடுத்தாற் போதும். அந்த நாலு வரியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு வாசகர்களாகிய நம்முடையது.